எவரெஸ்டா, அன்னபூர்ணாவா, லாங்டாங்கா? முதல் நேபாள மலைநடைக்கு எந்த வழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஏப்ரல்ல எவரெஸ்ட் பேஸ்கேம்ப் போறோம். நானும் ரெண்டு பிரெண்ட்ஸும். சனி ஞாயிறு சேர்த்து மொத்தம் பன்னண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு." பன்னிரண்டு நாள் என்று கேட்டதுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் பையன் சுணங்கிப் போனது போனிலேயே தெரிந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஏன் வேண்டாம், அப்படியென்றால் வேறு எது என்பதை உட்கார்ந்து யோசித்து அவனுக்கு எழுதினேன். அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

உலகத்தில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 14. அவற்றில் 8 நேபாளத்துக்குள்ளோ அதன் எல்லைக்கோட்டிலோ நிற்கின்றன. இவற்றின் அடிவாரம் வரை கூடாரம் தூக்காமலே போய்விடலாம் என்பதுதான் அந்த நாட்டின் தனிச்சிறப்பு. ஒரு நாள் நடைக்கு ஒரு ஊர், ஊருக்கு நாலைந்து டீ ஹவுஸ். பலகை அடித்த சின்ன அறை, கம்பளி, நடுக்கூடத்தில் ஒரு கணப்பு, ராத்திரிக்குத் தால் பாத். சோறும் பருப்பும் தீரத் தீரத் திரும்ப வந்து போடுவார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட ஒத்துப்போகும் சாப்பாடு எந்த வெளிநாட்டு மலையிலும் கிடையாது.

முதல்முறை போகிறவர்கள் பொதுவாக நாலு வழிகளில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். எவரெஸ்ட் பேஸ்கேம்ப் (5,364 மீட்டர்). அன்னபூர்ணா சுற்று, அதன் உச்சி தோரோங் லா கணவாய் (5,416 மீட்டர்). அன்னபூர்ணா பேஸ்கேம்ப் (4,130 மீட்டர்). லாங்டாங் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான கியான்ஜின் கோம்பா (சுமார் 3,870 மீட்டர்). நான் இதில் மூன்றை நடந்திருக்கிறேன். அன்னபூர்ணா சுற்றில் மனாங் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

முதலில் நாள் கணக்கு

எல்லோரும் எந்த மலை அழகு என்று கேட்கிறார்கள். கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான இடம் ஆனைமுடி, 2,695 மீட்டர். எவரெஸ்ட் வழிக்கு விமானம் இறங்கும் லுக்லா அதைவிட உயரம், கிட்டத்தட்ட 2,850 மீட்டர். அதாவது நாம் பிறந்ததிலிருந்து ஏறியிருக்கக்கூடிய எல்லா மலைக்கும் மேலே போய்த்தான் அங்கே முதல் அடியே எடுத்து வைக்கிறோம். இலங்கை வாசகர்களுக்குப் பீதுருதாலகாலையோடு (2,524 மீட்டர்) ஒப்பிட்டாலும் இதே கதைதான்.

மேலே போகப் போக ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, எங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைகிறது. பேஸ்கேம்ப் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், அதனால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜிம் உடம்போ மாரத்தான் பழக்கமோ இதை மாற்றாது. வேகமாக நடக்க முடிகிற இளவட்டங்கள்தான் உடம்பு பழகுமுன் வேகமாக ஏறிப் பெரும்பாலும் உயர நோயில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கை எவரெஸ்ட் வழியில் போட்டுப் பாருங்கள். லுக்லாவிலிருந்து பாக்டிங், அப்புறம் நாம்சே பஜார் (3,440) இரண்டு இரவு, தெங்போச்சே (3,867), டிங்போச்சே (4,410) இரண்டு இரவு, லோபுச்சே (4,940), கோரக் ஷெப் (5,164). ஏற 8 நாள், இறங்க 3 நாள். லுக்லா விமானத்துக்காக இரண்டு நாள் கையிருப்பு. ஊரிலிருந்து காத்மாண்டு போக, வர, பெர்மிட் எடுக்க என்று இன்னும் மூன்று நாள். மொத்தம் 16. பன்னிரண்டு நாளில் இதைச் செய்கிறேன் என்றால் இந்த ஓய்வு இரவுகளில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். வேறு எதையும் குறைக்க முடியாது.

எங்கள் குழு அப்படித்தான் கை வைத்தது. ஏற்பாடு செய்து கொடுத்தவர் டிங்போச்சேயின் இரண்டாவது இரவை வெட்டிவிட்டுத் திட்டம் கொடுத்தார். எங்களுக்கும் விவரம் தெரியவில்லை, லீவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். லோபுச்சேயில் சாயங்காலம் கூட வந்த நண்பன் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட முயன்றுகொண்டே இருந்தான். இரண்டு முனையும் அவன் விரலில் சேரவே இல்லை. தலைவலி என்றான், சூப்பை அப்படியே வைத்துவிட்டான். எங்கள் கைடு அவனைத் தரைப்பலகைக் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தான். கைடு வேறு எதுவும் பேசவில்லை, இரண்டு ஹெட்லாம்ப்பை எடுத்துக்கொண்டு அந்த இருட்டிலேயே அவனைக் கீழே கூட்டிப்போனார். பெரிச்சேயில் (4,240) ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசனில் நடத்தும் சிறிய மருத்துவமனை இருக்கிறது. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது என்றார்கள். மறுநாள் இன்னும் கீழே இறக்கியதும் நண்பன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். உயர நோய்க்கு மருந்து இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் இறங்குவதற்கு இணையாக எதுவும் இல்லை. அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் யாருக்கும் அவசரத் திட்டம் சொல்வதில்லை.

எவரெஸ்ட் வழி: பெயருக்கு உள்ளே என்ன இருக்கிறது

16 நாள் இருக்கிறவர்களுக்கு இது கொடுத்து வைத்த வழி. லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவாகக் கிடக்கிறது. விமானம் மேட்டை நோக்கி இறங்கும், பள்ளத்தை நோக்கிப் புறப்படும். மேகம் வந்தால் விமானம் கிடையாது. கூட்டமான மாதங்களில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டிலிருந்து கிளம்பாமல் நாலைந்து மணி நேரச் சாலைப் பயணத்துக்கு அப்பால் ராமேச்சாப்பிலிருந்து கிளம்புகின்றன, அதனால் நடுராத்திரி எழுந்து ஜீப் ஏற வேண்டியிருக்கும். இந்த விமானச் சீட்டுத்தான் நாலு வழிகளில் இதைச் செலவு அதிகமான வழியாக ஆக்குகிறது.

இங்கே எனக்குப் பிடித்தது மலையைவிட மக்கள். ஷெர்பா என்றால் சுமை தூக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு இனத்தின் பெயர். 'கிழக்கிலிருந்து வந்தவர்கள்' என்று பொருள், திபெத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் மலை தாண்டி வந்தவர்கள். கும்ஜுங் ஊரில் எட்மண்ட் ஹிலாரி 1961இல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. நாம்சே ஏற்றத்தில் சுமை தூக்கிகளைப் பாருங்கள். முதுகில் டோக்கோ என்ற மூங்கில் கூடை, அதைத் தாங்கும் நாம்லோ பட்டை நெற்றியில். கையில் டி எழுத்துபோல ஒரு குட்டைக் கம்பு. மூச்சு வாங்கும்போது கூடையை இறக்கி வைக்க மாட்டார்கள். கம்பைப் பின்னால் ஊன்றிக் கூடையின் அடியை அதன் மேல் நிறுத்தி நின்றபடியே இளைப்பாறுவார்கள். இறக்கினால் திரும்பத் தூக்க ஒரு ஆள் வேண்டும். மேலே டீ விலை ஏறுவதற்குக் காரணம் கேட்பவர்கள் அந்தக் கம்பைப் பார்த்தால் போதும்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் போய் மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேஸ்கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. பக்கத்து முகடுகள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்கக் கோரக் ஷெப்பிலிருந்து காலா பத்தர் என்ற கரிய மேட்டில் விடியற்காலையில் ஏற வேண்டும், அது 5,500 மீட்டருக்கும் மேல். அடுத்தது, படங்களில் பார்க்கும் மஞ்சள் கூடாரங்கள் ஏறுபவர்கள் வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இருக்கும். அக்டோபரில் போனால் நகர்ந்துகொண்டிருக்கும் பனியாற்றின் மேல் கல்லும் கொடிகளும்தான். அதைப் பார்க்கவும் நடக்கலாம், நான் நடந்தேன், வருத்தமில்லை.

அன்னபூர்ணா சுற்று: முக்திநாத் வரை

நாலில் நிலம் அதிகம் மாறுவது இந்த வழியில்தான். கீழே நெல் வயல், நடுவில் பைன் காடு, மனாங்கில் திபெத் போன்ற வறண்ட வெளி. கணவாய் தாண்டினால் முக்திநாத். வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று கொள்ளப்படும் தலம், திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடியது. கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள். பௌத்தர்களுக்கும் இது புனித இடம், பிக்குணிகளும் இதைக் கவனித்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஜ்வாலா மாயி கோயிலில் பாறையிலிருந்து வரும் இயற்கை வாயு சுடராக எரிகிறது. கீழே காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல் உண்மையில் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம். இமயம் எழும்புவதற்கு முன்னால் அங்கே டெதிஸ் கடல் இருந்தது. நம் வீட்டுப் பூஜையறைகளில் தலைமுறைகளாகத் துளசி சாற்றிக் கும்பிட்ட கல்லுக்குள் அந்தக் கடல் சுருண்டு கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

சாலை மனாங் வரை வந்துவிட்டதால் பழையபடி மூன்று வாரம் நடக்க வேண்டியதில்லை. சாமே பக்கத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிக்கலாம். ஆனால் ஜீப் இருக்கிறதே என்று நேரே மனாங் (சுமார் 3,540) போய் இறங்குவது பெரிய தப்பு. பிசாங்கில் ஒரு இரவு, மனாங்கில் இரண்டு இரவு கண்டிப்பாக வேண்டும். முக்திநாத்துக்கு மட்டும் போகும் வயதான யாத்திரிகர்களுக்கும் இது பொருந்தும். போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு (சுமார் 2,700) இருபது நிமிட விமானம், அப்புறம் ஜீப்பில் 3,700 மீட்டர். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் ஜோம்சோமில் ஒரு இரவு தங்கிவிட்டு மேலே போங்கள்.

தோரோங் லா நாள் கடினமானது. விடிவதற்கு முன்னால் கிளம்பி 5,416 மீட்டர் உயரம் வரை ஏறி, அதே நாளில் 1,600 மீட்டர் இறங்க வேண்டும். 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாள் கழித்து இந்தக் கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு அங்கே பனியாக விழும். அக்டோபரில் போகிறவர்கள் ஊர் வானிலைச் செய்தியையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இந்த வழி இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அன்னபூர்ணா பேஸ்கேம்ப்

உயரம் குறைவு, போக்கராவிலிருந்து ஜீப்பிலேயே நடை தொடங்கும் ஊருக்குப் போய்விடலாம், விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறேழு நாள் நடை. கடைசியில் சுற்றிலும் மலை எழும்பி நிற்கும் கிண்ணத்துக்குள் நுழைகிறோம். மனிதர்கள் உச்சி தொட்ட முதல் எண்ணாயிரம் மீட்டர் சிகரம் அன்னபூர்ணாதான், 1950 ஜூன் 3, பிரெஞ்சுக்காரர்கள் எர்சோக்கும் லாஷ்னாலும். எதிரே நிற்கும் மச்சாபுச்ரே (6,993) மீன் வால் போன்ற இரட்டை உச்சி கொண்டது. அது புனித மலை, ஏற அனுமதி இல்லை. 1957இல் போன பிரிட்டிஷ் குழுகூட உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிவிட்டது.

இங்கே எதிரி காற்று இல்லை, படிக்கட்டு. சோம்ரோங்கில் கல்படி இறங்கி, ஆற்றைத் தாண்டி, அதே அளவு படி ஏறி, திரும்பும்போது மறுபடி எல்லாம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர்களுக்கு முழங்கால் என்ன சொல்லும் என்று தெரியும். அதை நாலு நாள் தொடர்ந்து செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை. இன்னொன்று, தேவராலிக்கு மேலே பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் பனிச்சரிவு வரும். 2020 ஜனவரியில் அங்கே நாலு கொரியர்களும் மூன்று நேபாள வழிகாட்டிகளும் இறந்தார்கள். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் அந்தப் பகுதியைக் காலையில் சீக்கிரமாகத் தாண்டிவிட வேண்டும். கைடு நில்லுங்கள் என்றால் நிற்க வேண்டும்.

லாங்டாங்

காத்மாண்டிலிருந்து ஒரு நாள் முழுக்கக் குலுக்கும் சாலையில் போனால் ஸ்யாப்ருபேசி. அங்கிருந்து ஆற்றோரம் காட்டுக்குள் ஏற்றம். ஏப்ரலில் காடெங்கும் லாலிகுராஸ் பூத்திருக்கும், நேபாளத்தின் தேசியப் பூ, நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்லும் மரத்தின் சொந்தக்காரன். முதல் இரவு லாமா ஹோட்டல் என்ற இடம் (சுமார் 2,450). பலர் மறுநாளே லாங்டாங் ஊருக்கு (3,430) ஏறிவிடுவார்கள். அது ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். நடுவில் கோடா தபேலா, அதாவது குதிரை லாயம், என்ற இடத்தில் 3,000 மீட்டரில் ஒரு இரவு தங்கினால் அடுத்த நாளெல்லாம் தலைவலி இல்லாமல் நடக்கலாம்.

லாங்டாங் ஊரை அடையும் முன்னால் ஒரு வெளியைத் தாண்ட வேண்டும். சாம்பல் நிறக் கல்லும் மண்ணும் மலையடிவாரத்திலிருந்து ஆறு வரை விரிந்து கிடக்கும். பாதை அதன் மேலேயே போகிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலே இருந்த பனியும் பாறையும் பிய்ந்து விழுந்து பழைய ஊரை அப்படியே மூடிவிட்டது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரு பாறைச் சுவரின் கீழே இருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. நான் நடந்தபோது முன்னால் போன உள்ளூர்ப் பெண் ஓரிடத்தில் நின்று குனிந்து மூன்று கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். எங்கள் வீடு இங்கேதான் இருந்தது என்று கையால் காட்டினார். பிறகு, நாங்கள் தங்கப் போகும் டீ ஹவுஸ் அவருடையதுதான் என்று தெரிந்தது. மறுபடி கட்டியது. அன்று ராத்திரி அவர் கையால் சாப்பிட்ட தால் பாத்தை நான் மறக்கவில்லை.

கியான்ஜின் போய்ச் சேர்ந்தால் அங்கேயே இரண்டு மூன்று இரவு தங்கலாம். இதுதான் இந்த வழியின் பெரிய பலம். பகலில் கியான்ஜின் ரி (சுமார் 4,700) ஏறலாம், உடம்பு ஒத்துழைத்தால் மறுநாள் செர்கோ ரி (4,984) ஏறலாம். ராத்திரிக்கு மறுபடி 3,870க்கு வந்து படுக்கலாம். உயரத்தில் தன் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவ்வளவு பத்திரமாகத் தெரிந்துகொள்ள வேறு வழியில் வாய்ப்பில்லை. அன்னபூர்ணா பேஸ்கேம்ப் ஒரே புள்ளியில் முடிந்துவிடுகிறது. இங்கே ஒவ்வொரு காலையும் முடிவெடுக்கலாம், முடியவில்லையா, யாக் பாலாடைக்கட்டி செய்யும் பண்ணையைப் போய்ப் பார்த்துவிட்டு வெயிலில் உட்காரலாம். அங்கே பாலாடைக்கட்டி செய்வது 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கியது. லாங்டாங் லிருங் (7,200 மீட்டருக்கும் மேல்) தலைக்கு நேர் மேலே நிற்கும். கூட்டமும் மற்ற வழிகளைவிடக் குறைவு.

சில்லறை விவரங்கள்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். இலங்கையர்களுக்குச் சார்க் சலுகையில் ஆண்டின் முதல் 30 நாள் விசா இலவசம். பெர்மிட்டிலும் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. அன்னபூர்ணாவுக்கு 1,000 நேபாள ரூபாய், சாகர்மாதா (எவரெஸ்ட் வழி இதற்குள்தான் போகிறது), லாங்டாங் தேசியப் பூங்காக்களுக்கு 1,500, வரி தனி. நம் 100 ரூபாய் அவர்களுக்கு 160 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் கைடு கட்டாயம் என்று விதி வந்தது, எவரெஸ்ட் பக்கத்து உள்ளாட்சி மட்டும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. விதி எப்படி இருந்தாலும் முதல்முறைக்குக் கைடோடு போங்கள். லோபுச்சேயில் அந்த மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நீங்கள் ஏறப்போகும் உயரம் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்துப் போகலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அது நேபாளத்தில் தசைன், அவர்களின் பெரிய பண்டிகை. பஸ்ஸில் இடம் கிடைக்காது, கைடும் போர்ட்டரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வானம் என்னவோ அப்போதுதான் துடைத்து வைத்ததுபோல இருக்கும். ஒரு வாரம் தள்ளிப் போனால் இரண்டும் கிடைக்கும்.

பாதையில் யாக்கோ கழுதையோ எதிரே வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். தொங்குபாலத்தில் அவை ஏறிவிட்டால் அவை வந்து சேரும்வரை இந்தப் பக்கமே நில்லுங்கள்.

அக்கா மகனுக்கு நான் எழுதியது இதுதான்: மாப்ளே, உங்கள் பன்னிரண்டு நாளுக்கு லாங்டாங் போங்கள். முழங்கால் நன்றாக இருந்து, போக்கரா ஏரியும் பார்க்க ஆசை என்றால் அன்னபூர்ணா பேஸ்கேம்ப். எவரெஸ்ட்டை 16 நாள் கிடைக்கும் வருஷத்துக்கு வை. பதில் வர இரண்டு நாள் ஆனது. "அங்கிருந்து எவரெஸ்ட் தெரியுமா மாமா?" என்று கேட்டிருந்தான். தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். நேற்று வாட்ஸ்அப்பில் அடுத்த கேள்வி: "கியான்ஜின்ல மூணு ராத்திரியா, நாலா?" மூணு போதும் என்று எழுதினேன். மிச்சமிருக்கும் ஒரு நாளைக் காத்மாண்டு திரும்பும் சாலைக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன், மழை பெய்தால் அங்கே மண் சரியும்.